எதிர்க்கை

போத்தனூர்,
6 ஜனவரி 2025

வேலாமரத்தூர் வள்ளி கும்மிக் குழுத் தலைவர் திரு. அரங்கசாமி அவர்களுக்கு,

வணக்கம். அன்புமணி மகள் பிரவீனா எழுதுவது. பதினெட்டு வருடம் உங்கள் தறிக்குடோனில் தறி ஓட்டிய அன்புமணி. அப்படியும் நினைவு வராவிட்டால் சூலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். பன்னிரண்டடி பிளக்ஸில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

நேற்று டியூட்டி முடிந்து ஊருக்குப் போகும்போது பார்த்தேன். 'கோவை கலைக்கூடல் விழாவில் நமது வேலாமரத்தூர் வள்ளி கும்மி.' கீழே, 'எல்லா வீதியும் ஒரே வட்டம்.' முதல் வட்டத்தில் மஞ்சள் சுடிதாரில், இரண்டு உள்ளங்கையையும் தூக்கிக்கொண்டு நான்.

அந்தப் படம் 2023 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. அன்றைக்குத்தான் நான் பயிற்சிக்கு வந்தேன். அன்றைக்கு மட்டும்தான் வந்தேன். கந்தப்பன் வாத்தியார் எதிர்க்கைத் தட்டு சொல்லிக்கொடுத்தார். மூன்று தட்டு நம் கையில், நாலாவது தட்டு எதிரில் நிற்பவர் உள்ளங்கையில். அப்படி எட்டு முறை. மறுநாள் காலையில் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து என்னை நீக்கினீர்கள். சாயந்திரம் தெற்கு வீதியில் எங்கள் வாசலுக்கு வந்தீர்கள். பைக்கை விட்டு இறங்கவில்லை.

"ஏப்பா அன்புமணி, புள்ளைக்கு ரயில் வேலையே சிரமம். இதுல கும்மி எதுக்கு? அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றீர்கள்.

"சரிங்க பண்ணாடி" என்றார் அப்பா. உங்கள் குடோனை விட்டு வந்து ஐந்து வருடமாகியும் அவருக்கு நீங்கள் பண்ணாடிதான், எசமான்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அடுத்த வருடம் போய் அதற்கடுத்த வருடமும் வந்துவிட்டது. ஆள் வேண்டாம் என்றவர்களுக்கு முகம் மட்டும் எதற்கு? பத்து நாளில் பிளக்ஸ் இறங்க வேண்டும். இல்லையென்றால் விழா நடத்தும் அறக்கட்டளைக்கு எழுதுவேன்.

வாட்ஸ்அப்பில் வழி இல்லாததால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

பிரவீனா
உதவி லோகோ பைலட்


வேலாமரத்தூர்,
11 ஜனவரி 2025

சரக்கு ரயில்களைச் சுண்டுவிரலால் இழுத்துச் செல்லும் வீராங்கனை பிரவீனா அம்மணிக்கு,

வள்ளி கும்மிக் குழுவின் நிறுவனர், நிரந்தரத் தலைவர், மைக் செட் பொறுப்பாளர், உன் தயவால் இப்போது குற்றவாளியும் ஆகிவிட்ட அரங்கசாமி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். நீ சௌக்கியமாக இருக்கக் கூடாது என்று நினைக்கிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

உன் பதிவுத் தபால் வந்தது. தபால்காரர் என்னிடம் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் ஊர் கூடிவிட்டது. கோர்ட் சம்மன் என்று பாதிப் பேரும், ஜனாதிபதி விருது என்று மீதிப் பேரும் முடிவு செய்துவிட்டார்கள். நான் விருதுக் கட்சியை ஆதரித்தேன்.

அம்மணி, நம் குழு என்ன லேசுப்பட்ட குழுவா? நாம் மேற்கே பார்த்து நின்று கும்மி கொட்டினால் பாலக்காட்டுக் கணவாயில் காற்று நின்று வேடிக்கை பார்த்துவிட்டு அப்புறம்தான் வீசுகிறது. சூலூர் விமானப்படைத் தளத்தில் இறங்க வேண்டிய விமானம் நம் தலைக்கு மேல் இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்குகிறது. அதை ஓட்டியவரே என்னிடம் சொன்னார். பெயர் ராணுவ ரகசியம். அப்பேர்ப்பட்ட குழுவின் பிளக்ஸில் இவ்வளவு பெரிய முகம் யாருக்கு வாய்க்கும்? தலைவனாகிய என் முகம் மூலையில் தபால்தலை அளவுக்குத்தான் இருக்கிறது. நான் யாருக்குப் பதிவுத் தபால் போடுவது?

உன்னை நீக்கிய காரணத்தைக் கேள். எதிர்க்கைத் தட்டுக்கு ஜோடி வேண்டும். ஜோடிக்கு இரட்டைப்படையில் ஆள் வேண்டும். நீ வந்ததும் ஒற்றைப்படை ஆகிவிட்டது. சாதி கீதி என்று மனசில் ஏதாவது ஏற்றி வைத்திருந்தால் அதை அடுத்த ஸ்டேஷனில் இறக்கிப்போடு. உன்னை நீக்கியது நானல்ல, இரண்டாம் வாய்பாடு.

படத்துக்கு வருவோம். அறக்கட்டளையின் விண்ணப்பத்தில் 'ஊரின் எல்லாத் தரப்பினரும் ஆடுகிறார்களா, ஆதாரம் இணைக்கவும்' என்று ஒரு கட்டம் இருந்தது. என்னிடம் ஆதாரம் இருந்தது. இணைத்தேன். பொய்யா? நீ வரவில்லையா? கையைத் தூக்கவில்லையா? ஈ என்று சிரிக்கவில்லையா?

பிளக்ஸ் இறங்காது. பொங்கல் கூட்டம் அதைப் பார்க்க வேண்டும். உங்க அப்பன் நல்ல மனுசன். அவனிடம் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வைக்காதே.

இப்படிக்கு,
முகம் சிறுத்த
அரங்கசாமி


போத்தனூர்,
17 ஜனவரி 2025

திரு. அரங்கசாமி அவர்களுக்கு,

என் அப்பாவுக்கு அறுபத்து மூன்று வயது. உங்களுக்கு இரண்டு வயது மூத்தவர். 'அவன்' என்று எழுதியிருக்கிறீர்கள். பேனா வழுக்கி வந்த வார்த்தை இல்லை, பழகி வந்தது.

வாய்பாட்டுக்கு வருகிறேன். அன்று காலை கந்தப்பன் வாத்தியார் ஊர் வாட்ஸ்அப்பில் போட்ட செய்தி என் போனில் அப்படியே இருக்கிறது. 'அறுபத்தொரு பேர் இருக்கோமுங்க, ஜோடிக்கு ஒரு ஆள் குறையுது, ஆர்வம் இருக்கறவங்க வாங்க.' அதைப் பார்த்துத்தான் வந்தேன். நான் அறுபத்திரண்டாவது ஆள். ஜோடி சேர்ந்தது என்னால். நான் போனதும்தான் உடைந்தது.

எனக்கு ஜோடியாக நின்றது யார் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் மனைவி சாந்தாமணி. முதல் தட்டு என் உள்ளங்கையில் விழுந்தது. அதற்குள் பக்கத்தில் நின்றவர் அவர் காதில் ஏதோ சொன்னார். நான் யார் மகள் என்பதைத் தவிர வேறென்ன சொல்லியிருக்கப் போகிறார். இரண்டாவது தட்டிலிருந்து உங்கள் மனைவியின் கை ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. மீதி ஏழையும் காற்றில் தட்டினார். பாட்டு முடிந்ததும் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். சோப்புப் போட்டு. நான் செருப்பு மாட்டிக்கொண்டே பார்த்தேன்.

அன்று அவர் கட்டியிருந்தது குழுவுக்கென்று உங்கள் தறியில் ஓட்டிய பச்சைப் புடவை. ஓட்டியவர் என் அப்பா. இழை அறுந்தால் விரலில் எச்சில் தொட்டுத்தான் அவர் முடிச்சுப் போடுவார். அந்தப் புடவையை என்ன செய்தார்கள்?

நான் வேலை செய்யும் இடத்தைப் பற்றியும் சொல்கிறேன். சிக்னல் கண்ணில் பட்டதும் நான் கையை நீட்டிப் 'பச்சை' என்பேன். லோகோ பைலட் அதையே திருப்பிச் சொல்வார். இரண்டு பேரும் சொன்னால்தான் நாலாயிரம் டன் நகரும். நீ எந்த வீதி என்று கேட்டுவிட்டு அவர் திருப்பிச் சொல்வதில்லை.

அறக்கட்டளைக்கு எழுதிவிட்டேன். படம் பொய் என்று எழுதவில்லை. ஒரே ஒரு நாள் உண்மை என்று எழுதினேன்.

பிரவீனா


வேலாமரத்தூர்,
27 ஜனவரி 2025

பிரவீனாவுக்கு,

அம்மணி என்று எழுத இன்று கை வரவில்லை.

அறக்கட்டளையிலிருந்து ரம்ஷா என்று ஒரு பெண் போன் செய்தாள். குரல் தேன். கேள்வி ஒவ்வொன்றும் கோணி ஊசி. "அந்தப் படத்துல இருக்கறவங்க இப்பவும் உங்க குழுவுல ஆடுறாங்களா சார்?" என்றாள். "ஆடுறாங்களாவா? அவங்க ஆடுனா மருதமலை லேசா அசையுதுங்க" என்றேன். "அப்ப பிப்ரவரி ஒன்பது ஞாயித்துக்கிழமை பயிற்சி பாக்க நேர்லயே வரேன் சார். அவங்களையும் பாக்கணும்" என்றாள். போனை வைத்துவிட்டு மூன்று சொம்பு தண்ணீர் குடித்தேன். நாலாவது சொம்பு பாதியில் நிற்கிறது.

நீ செய்தது நியாயமா? அறுபத்தொரு பேர் ஏழெட்டு வருடமாக முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு ஆடுகிறார்கள். கோயமுத்தூர் மேடையை அவர்களில் ஒருத்தரும் ஏறிப் பார்த்ததில்லை. உன் ஒருத்தியின் ரோஷத்துக்கு அத்தனை பேர் மேடையும் போக வேண்டுமா? இதுதான் நீ படித்த சமத்துவமோ?

சாந்தாமணியைப் பற்றி எழுதியது ரொம்ப அதிகம். அவள் எப்போதும் கை கழுவுகிறவள். என்னைத் தொட்டாலும் கழுவுவாள். முப்பத்து மூன்று வருடமாக நான் பதிவுத் தபால் போடாமல் குடும்பம் நடத்தவில்லையா?

சரி, வழி சொல்கிறேன். ஒன்பதாம் தேதி ஒரு நாள் வா. கடைசி வட்டத்தில் நில். எதிர்க்கைத் தட்டு வரும்போது தண்ணீர் குடிக்கப் போய்விடு. அந்தப் பெண் கிளம்பியதும் உன் தண்டவாளம் உனக்கு, எங்கள் வட்டம் எங்களுக்கு. உன் அப்பாவிடம் பேசிவிட்டேன். (கவனி, 'அவன்' என்று எழுதவில்லை.) அவர் சரி என்று சொல்லிவிட்டார்.

அரங்கசாமி


போத்தனூர்,
31 ஜனவரி 2025

திரு. அரங்கசாமி அவர்களுக்கு,

அப்பா என்ன சொன்னார் என்பதை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள். போனில் பேசினார்.

"பண்ணாடி வந்திருந்தாருங் கண்ணு. இந்தத் தடவ பைக்க உட்டு எறங்குனாரு."

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"எப்பவும் போலச் சரிங்கன்னு சொல்லிப்போட்டேன்."

அப்புறம், "சொல்லிப்போட்டு ஊட்டுக்குள்ள வந்தா உங்கம்மா சோறு போடல. நீ போறதா இருந்தா மொதல் வட்டத்துல நில்லு கண்ணு. தண்ணி குடிக்கப் போவாத" என்றார்.

ஆகவே வருகிறேன். முதல் வட்டத்தில் நிற்பேன். ஒன்பதாம் தேதிக்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் வருவேன். தெற்கு வீதியில் ஆட வேண்டும் என்று இருக்கிறவர்கள் இன்னும் பதினோரு பேர். என்னோடு பன்னிரண்டு.

அறுபத்தொன்றும் பன்னிரண்டும் எழுபத்து மூன்று. ஒற்றைப்படை. ஜோடிக்கு ஒரு ஆள் குறைகிறது. அந்த ஆள் நீங்கள். எதிர்க்கைத் தட்டில் என் எதிரில் நிற்க வேண்டும். எட்டுத் தட்டும் என் உள்ளங்கையில் விழ வேண்டும், ரம்ஷா பார்க்க, ஊரும் பார்க்க.

ஒப்பவில்லை என்றால் எழுதுங்கள். அன்றைக்கு ஈரோட்டுப் பக்கம் ஏதாவது ஒரு சரக்கு வண்டியில் இருப்பேன்.

பிரவீனா


வேலாமரத்தூர்,
4 பிப்ரவரி 2025

பேரன்பும் பெருங்கோபமும் கொண்ட பிரவீனா அம்மணிக்கு,

ஒப்புக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முதல் வட்டமா, எடுத்துக்கொள். பதினோரு பேரா, நூற்றுப் பதினோரு பேரைக் கூட்டி வா. உன் எதிரில் நான் நிற்க வேண்டுமா, கம்பம் நட்டதுபோல் நிற்கிறேன்.

மூன்று நாள் யோசித்தேன். மூளை கொதித்துத் தலையில் துண்டு கட்டினால் துண்டு ஆவி விட்டது. கடைசியில் உலகக் கலை வரலாறு இதுவரை காணாத ஒரு வழி பிறந்தது. எதிர்க்கைத் தட்டு இனி எதிர்க்கோல் தட்டு. மூன்று தட்டு நம் கோலில், நாலாவது தட்டு எதிராளி கோலில். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மரக்கடைசல் பட்டறையில் சொல்லி நூற்றைம்பது கோல் கடைந்து வந்து இறங்கிவிட்டது. இரண்டடி நீளம், வார்னிஷ் அடித்தது, இரண்டு முனையிலும் சிவப்பு வளையம். பார்த்தால் நீயே ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் மாட்டுவாய்.

இதன் பெருமையை யோசித்துப் பார். எல்லா வீதியும் ஆடலாம். சாந்தாமணியும் ஆடலாம். யார் மனசும் நோகாது, யார் கையும் நோகாது. கோலுக்கு எந்த வீதி என்று யார் கேட்கப் போகிறார்கள்? ரம்ஷா பார்த்தாளானால் விழாவையே வேலாமரத்தூருக்கு மாற்றிவிடுவாள்.

வாத்தியார் மட்டும் "கும்மின்னாக் கைதானுங்க தலைவரே. கோலெடுத்தா அது வேற ஆட்டமுங்க" என்று முனகினார். புதுமை வரும்போது வாத்தியார்கள் முனகத்தான் செய்வார்கள்.

வெற்றிக் களிப்புடன்,
அரங்கசாமி


போத்தனூர்,
6 பிப்ரவரி 2025

திரு. அரங்கசாமி அவர்களுக்கு,

இரண்டடி.

என் தாத்தாவுக்கு உங்கள் வீட்டில் காப்பி கொட்டாங்குச்சியில் வந்ததாம். ஊற்றுகிற கைக்கும் வாங்குகிற கைக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதை உங்கள் தாத்தா கண்ணாலேயே அளந்துகொண்டார். நீங்கள் அதைக் கடைசலுக்குக் கொடுத்து, வார்னிஷ் அடித்து, வளையம் போட்டு வாங்கியிருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். பன்னிரண்டு பேரும். வெறுங்கையோடு.

பிரவீனா


வேலாமரத்தூர்,
11 பிப்ரவரி 2025

பிரவீனா அம்மணிக்கு,

விரல் எப்படி இருக்கிறது? டாக்டர் என்ன சொன்னார்? உன் அப்பாவிடம் கேட்டேன். "பரவால்லீங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டார். பண்ணாடி என்ற வார்த்தை வரவில்லை. வாசலில் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அப்போதும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. தாளம்தான் பொறுப்பு. நாற்பது வருடமாக நான் ஒரு தாளம் தப்பியதில்லை. மைக் பிடித்து நிற்கும்போதும் என் கால் தாளத்தில் இருக்கும். தூக்கத்தில் நான் புரண்டு படுப்பதுகூடத் தாளத்தில்தான் என்று சாந்தாமணி சொல்வாள். மூன்று தட்டுத் தட்டினேன். நாலாவதுக்குக் கோல் தானாகப் போய்விட்டது. அங்கே கோல் இல்லை, உன் கை இருந்தது. கையை ஏன் எடுக்கவில்லை நீ? ஒருத்தன் மரக்கட்டையோடு வருகிறான் என்று தெரிகிறது. ரயிலை நிறுத்தத் தெரிந்தவளுக்குக் கையை இழுக்கத் தெரியாதா? உன் பிடிவாதம் இருக்கிறதே, அதை வைத்து நாலு குடோன் கட்டலாம்.

அந்தச் சத்தம் காங்கேயம் வரை கேட்டிருக்கும். எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போக நான் காரை எடுத்து வந்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். நீ உன் அப்பாவின் மொபெட்டில் ஏறிப் போனாய். ஊரே பார்த்தது.

ரம்ஷா நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். திட்டியிருந்தால் நாலு பதில் வைத்திருந்தேன்.

அரங்கசாமி


போத்தனூர்,
16 பிப்ரவரி 2025

திரு. அரங்கசாமி அவர்களுக்கு,

இடது கை மோதிரவிரலில் எலும்பு விரிசல். நாலு வாரம் கட்டு. அதுவரை வண்டி ஏற முடியாது. விசாரித்ததற்குப் பதில் சொல்லியாயிற்று.

கார்க் கதவைத் திறந்தீர்கள், சரி. அதற்கு முன் பின்சீட்டில் ஒரு துண்டை எடுத்து விரித்தீர்கள். என் விரலில் ரத்தம் வரவில்லை. மொபெட்டில் ஏறியது அதனால்தான்.

நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொன்றையும் எழுதுகிறேன். கண்ணை மூடிப் பாடுகிற வாத்தியாருக்கு நடந்தது தெரியவில்லை. அவர் பாட்டை நிறுத்தவில்லை. நானும் கையை இறக்கவில்லை. அடுத்த நாலாவது தட்டு வந்தது. நீங்கள் கோலைக் கீழே போட்டிருந்தீர்கள். உங்கள் கை காலியாக இருந்தது. ஒரு நொடி, தூக்கத்தான் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் திரும்பி உங்கள் மனைவியைப் பார்த்தீர்கள். கோயில் பக்கம் நின்றவர்களைப் பார்த்தீர்கள். அப்புறம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். ஏழு தட்டு வந்து போயிற்று. ஏழுக்கும் என் கை அப்படியே தூக்கியபடி நின்றது, ஒரு விரல் வீங்கிக்கொண்டே.

தாளம் தப்பாதவர் நீங்கள். அந்த ஏழையும் எப்படித் தப்பினீர்கள்?

போலீசுக்குப் போகச் சொல்லி வேலை செய்யும் இடத்தில் சொல்கிறார்கள். ரம்ஷாவும் கேட்டார். கோல் பட்டதை நான் புகாராக எழுத மாட்டேன், அது தவறிப் பட்டது. மற்ற ஏழும் தவறிப் போனவை இல்லை. அதற்கு எந்த ஸ்டேஷனில் புகார் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

பிரவீனா


வேலாமரத்தூர்,
25 பிப்ரவரி 2025

பிரவீனாவுக்கு,

அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. நமக்கு மேடை இல்லை.

பிளக்ஸை இன்று காலையில் நானே ஏணி வைத்து இறக்கினேன். முதலில் கிழிந்தது மூலையில் இருந்த என் முகம்தான். உன் படம் இருந்த பக்கத்தைச் சுருட்டி உன் அப்பாவிடம் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்றார். பிறகு, "உள்ள வாங்க, வெயில்ல நிக்கறீங்க" என்றார். போய் உட்கார்ந்தேன். உன் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். அறுபத்தொரு வருடத்தில் முதல் தடவை.

ஊரில் பாதிப் பேர் மேடை போனது உன்னால் என்கிறார்கள். மீதிப் பேர் என்னால் என்கிறார்கள். விருதுக் கட்சி என்று இந்தத் தடவை எதுவும் இல்லை. பத்தொன்பது பேர் இனி பயிற்சிக்கு வருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதில் சாந்தாமணியும் ஒருத்தி. நேற்றுச் சாப்பிடும்போது, "அன்னிக்கு நான் கை கழுவுனத அந்தப் புள்ள பாத்துச்சுங்களா?" என்று கேட்டாள். பார்த்தது என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

கோலை எல்லாம் கட்டிக் குடோனில் போட்டிருக்கிறேன். வெந்நீர் அடுப்புக்கு ஆகும்.

மீதி இருப்பது நாற்பத்திரண்டு. உங்கள் பன்னிரண்டும் சேர்ந்தால் ஐம்பத்து நாலு. இரட்டைப்படை. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், அதேதான் வருகிறது. நான் இல்லாமலே ஜோடி சேர்ந்துவிடுகிறது. நான் வந்தால்தான் ஒற்றைப்படை.

ஐம்பத்தைந்தாவது ஆள் வரலாமா என்று கேட்டு எழுதுகிறேன். உன்னைத்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

அரங்கசாமி


போத்தனூர்,
3 மார்ச் 2025

திரு. அரங்கசாமி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மன்னிப்பு என்ற வார்த்தை எங்காவது இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தேடினேன். இல்லை.

மார்ச் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை பயிற்சி இருக்கிறது. வாத்தியார் வருகிறார். ஐம்பத்தைந்தாவது ஆளாக வாருங்கள். ஒற்றைப்படைதான். ஆனால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் வாசலுக்கு வந்து பைக்கில் உட்கார்ந்தபடி யாரும் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு இப்போது ஜோடி எங்கள் வீதி புவனா. எதிர்க்கைத் தட்டு வரும்போது அவள் ஒதுங்கி உங்களுக்கு இடம் விடுவாள். ஏழு தட்டுக்கு மட்டும். இடது கை இன்னும் கட்டில் இருக்கிறது. வலது கையைத் தூக்கி வைப்பேன். இந்தத் தடவை யாரையும் திரும்பிப் பார்க்காதீர்கள். ஏழும் விழுந்த பிறகு, எட்டாவதைப் பற்றி யோசிக்கிறேன்.

இன்னும் ஒன்று. வட்டத்துக்குள் வருவதற்கு முன் குழாயடியில் கையைக் கழுவிவிட்டு வாருங்கள். சோப்புப் போட்டு.

பிரவீனா